அமெரிக்க ரிவால்வருக்குப் பெயர் கொடுத்த ஊர்... ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகத் தடை! - இங்கிலாந்தின் பிஸ்லியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையம். ஞாயிறு காலை. தென்மேற்கு நோக்கிக் கிளம்பும் ரயிலில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய சிலர் ஏறுகிறார்கள். தோளில் பை. பைக்குள் சாண்ட்விச் டப்பா, ஃப்ளாஸ்க், காதை மூடும் கருவி, பாதுகாப்புக் கண்ணாடி, எண்ணெய்த் துணி. ரிவால்வர் சுடத்தான் போகிறார்கள். ரிவால்வர் மட்டும் கையில் இல்லை. அது ஏற்கெனவே அங்கே, பூட்டிய அறையில் காத்திருக்கிறது.

அவர்களுக்குச் சொந்தமானதுதான். ரசீது இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. ஆனாலும் அதை வீட்டுக்கு எடுத்துவர முடியாது. பார்க்க வேண்டும் என்றால் பிஸ்லிக்குப் போக வேண்டும். சுட வேண்டும் என்றாலும் அங்கேதான். சுட்டு முடித்ததும் துடைத்து, கையெழுத்துப் போட்டு, உள்ளே வைத்துவிட்டு வெறுங்கையோடு ரயில் ஏற வேண்டும். நகையை வங்கி லாக்கரில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது, வங்கிக்குள்ளேயே போட்டு அழகு பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பொழுதுபோக்கு இது.

இத்தனைக்கும் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு ரிவால்வர் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

வாட்டர்லூவிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள் புரூக்வுட் நிலையம் வந்துவிடும். நிலையத்தின் ஒரு பக்கம் பிரமாண்டமான கல்லறைத் தோட்டம். லண்டனுக்குள் புதைக்க இடம் போதாமல் 1854-ல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் வாட்டர்லூவிலிருந்து இங்கே சவப்பெட்டிகளுக்கென்றே தனி ரயில் ஓடியது. அதிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு உண்டு. உறவினர்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட், சவப்பெட்டிக்கு ஒரு வழி டிக்கெட்! நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே நின்று பார்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. டாடா குழுமத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜி டாடாவின் கல்லறை, இங்கே பார்சிகளுக்கான பகுதியில்தான் இருக்கிறது.

நிலையத்தின் மறுபக்கம் போகும் சாலைதான் பிஸ்லி முகாமுக்கு வழி. முன்பு முகாமுக்கென்றே ஒரு குட்டி ரயில் பாதை இருந்தது. 'பிஸ்லி புல்லட்' என்று செல்லப்பெயர். 1952-ல் அதை மூடிவிட்டார்கள். இப்போது டாக்சி, இல்லையென்றால் நடை. பைன் மரங்கள், புதர்க்காடு, கொஞ்சம் மணல் தரை. திடீரென்று தூரத்தில் 'டப்... டப்... டப்' என்று சத்தம் கேட்கும்போது ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

விக்டோரியா சுட்ட முதல் குண்டு

பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1859-ல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு லண்டனின் விம்பிள்டன் திடலில் முதல் போட்டி. விக்டோரியா மகாராணியே முதல் குண்டைச் சுட்டார். தாங்கியில் பொருத்தி, குறிபார்த்து வைத்திருந்த ரைஃபிளின் விசையில் கட்டிய பட்டுக்கயிற்றை அவர் இழுத்தார், அவ்வளவுதான். குண்டு போய் இலக்கின் நடுவில் விழுந்தது. டென்னிஸுக்காக உலகம் அறிந்த விம்பிள்டன், அதற்கும் முன்பே துப்பாக்கி சுடுதலுக்குப் பெயர் பெற்றிருந்தது.

லண்டன் வளர்ந்தது, வீடுகள் நெருங்கின. 1890-ல் சங்கம் பிஸ்லிக்கு இடம் மாறியது. அன்றிலிருந்து இன்றுவரை இதுதான் பிரிட்டிஷ் துப்பாக்கி சுடுதலின் தலைநகரம். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸின் பெரும்பாலான துப்பாக்கிப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. இன்றைக்கும் ஜூலையில் பெரிய ரைஃபிள் போட்டி நடக்கிறது. அதில் ஜெயிப்பவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்.

முகாமுக்குள் நுழைந்தால் ஊட்டி, குன்னூரின் பழைய பங்களாக்கள் ஞாபகத்துக்கு வரும். மரத்தில் கட்டிய கிளப் வீடுகள், முன்னால் வராந்தா, பூந்தொட்டிகள். கனடா அணி 1897-ல் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. டீ குடித்துக்கொண்டு யாரோ செய்தித்தாள் படிக்கிறார். இந்த அமைதிக்கு நடுவில்தான் குண்டுச் சத்தம்.

ரைஃபிளுக்குத்தான் இங்கே ராஜமரியாதை. ஆனால் ரிவால்வரும் சீக்கிரமே தன் இடத்தைப் பிடித்தது. வால்டர் வைனன்ஸ் என்ற பணக்கார அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலாந்தில் வாழ்ந்தவர். அந்தக் காலத்து ரிவால்வர் போட்டிகளில் இவர்தான் நட்சத்திரம். ரிவால்வர் சுடும் கலையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1908-ல் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் தங்கம்; 1912-ல் சிற்பக்கலையில் ஒலிம்பிக் தங்கம். ஆமாம், அப்போது ஒலிம்பிக்ஸில் சிற்பத்துக்கும் பதக்கம் கொடுத்தார்கள்.

பிஸ்லி போட்டிகளின் புகழ் அட்லாண்டிக்கைத் தாண்டியது. அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம், தன்னுடைய புகழ்பெற்ற 'கௌபாய்' ரிவால்வரைக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு ஏற்றபடி மாற்றி, 1890-களில் ஒரு மாடலைக் கொண்டுவந்தது. பிடி உள்ளங்கைக்குள் இன்னும் மேலே ஏறி உட்காரும். பின்னால் இருக்கும் சுத்தியல் தாழ்வாக, கட்டைவிரலுக்கு எட்டும்படி இருக்கும். அதற்கு வைத்த பெயர் 'பிஸ்லி'. 40,000-க்கும் மேல் தயாரித்தார்கள். இன்றும் அந்தப் பிடி வடிவத்துக்கு அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் பிஸ்லி என்றுதான் பெயர். அங்கே 'ஒரு பிஸ்லி கொடுங்க' என்று வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அசல் பிஸ்லியில் அது முடியாது.

ஏன் முடியாது என்பதற்கான பதில் பிஸ்லியில் இல்லை. அது வடக்கே, ஸ்காட்லாந்தில் இருக்கிறது.

மார்ச் 13, 1996

டன்பிளேன் என்ற சிறு நகரம். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளி. அன்று காலை ஒருவன் பள்ளியின் ஜிம்முக்குள் நுழைந்தான். அவனிடம் நான்கு கைத்துப்பாக்கிகள். இரண்டு பிஸ்டல், இரண்டு ரிவால்வர். 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வயது 5. பின்னாளில் விம்பிள்டன் டென்னிஸை வென்ற ஆண்டி முர்ரே, அன்று அதே பள்ளியில் எட்டு வயது மாணவர்.

நான்கு துப்பாக்கிகளுக்கும் லைசென்ஸ் இருந்தது. நாட்டை உலுக்கிய விஷயம் அதுதான். கள்ளச்சந்தையில் வாங்கியதல்ல, திருடியதல்ல. துப்பாக்கி சுடுவது என் பொழுதுபோக்கு என்று சொல்லி முறைப்படி வாங்கியவை.

அந்த மாதத்தில் டன்பிளேனில் பூத்திருந்தது ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூ. அதையே பெயராக வைத்து, கைத்துப்பாக்கிகளைத் தடை செய்யச் சொல்லி ஒரு கையெழுத்து இயக்கம் கிளம்பியது. ஏறத்தாழ 7 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 1997-ல் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது பெரிய கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆட்சி மாறி வந்த இரண்டாவது சட்டம், மிச்சமிருந்த சிறிய .22 ரகத்தையும் தடை செய்தது. அரசு இழப்பீடு கொடுத்தது. மக்கள் போலீஸ் நிலையங்களில் ஒப்படைத்த கைத்துப்பாக்கிகள் 1,60,000-க்கும் மேல்.

பிஸ்லிக்காரர்களுக்கு அது இடி. ஒரு தப்பும் செய்யாத எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். லண்டனில் பேரணி போனார்கள். குற்றவாளிகள் லைசென்ஸ் கேட்டா வாங்குகிறார்கள் என்றார்கள். தடைக்குப் பிறகு சில ஆண்டுகள் கள்ளக் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் குறையவில்லை, கூடவே செய்தன என்பதும் உண்மை. ஆனால் அந்த 1996-க்குப் பிறகு பிரிட்டனில் இன்னொரு பள்ளியில் அப்படி ஒரு படுகொலை நடக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்று ஒரு பெற்றோரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார். பிஸ்லியின் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களில் பலரும் பெற்றோர்கள்தான், தாத்தாக்கள்தான். அவர்களின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

வைக்கலாம், சுடக் கூடாது. சுடலாம், வைக்கக் கூடாது!

சட்டம் எல்லாவற்றையும் உருக்கிவிடச் சொல்லவில்லை. சரித்திர மதிப்புள்ளவற்றுக்குச் சில ஜன்னல்களைத் திறந்துவைத்தது. அந்த ஜன்னல்களின் கணக்கு வேடிக்கையானது.

1919-க்கு முன் தயாரான, குண்டு சுலபத்தில் கிடைக்காத கைத்துப்பாக்கி என்றால் லைசென்ஸோடு சேகரிப்பாக வீட்டில் வைக்கலாம். சுடக் கூடாது. அபூர்வமானது, வேலைப்பாடு மிக்கது, தொழில்நுட்ப முக்கியத்துவம் உள்ளது, சரித்திரத்தோடு தொடர்புடையது என்று நிரூபிக்க முடிந்தால் சுடவும் செய்யலாம். ஆனால், அது அரசு குறிப்பிட்ட பாதுகாப்பான இடத்திலேயே இருக்க வேண்டும். அந்த இடங்களில் முக்கியமானது பிஸ்லி. ரயிலில் வெறுங்கையோடு வருபவர்கள் இந்த இரண்டாவது ரகம்.

மூன்றாவதாக ஒரு வழியைத் துப்பாக்கிப் பிரியர்களே கண்டுபிடித்தார்கள். குழல் குறைந்தது 30 செ.மீ., மொத்த நீளம் குறைந்தது 60 செ.மீ. இருந்தால் சட்டப்படி அது தடை செய்யப்பட்ட கைத்துப்பாக்கி இல்லை. விடுவார்களா? ரிவால்வருக்கு முழ நீளக் குழல் மாட்டி, பிடியின் பின்னாலிருந்து முழங்கை வரை ஓர் இரும்புக் கம்பியை நீட்டிவிட்டார்கள். பார்த்தால் ரிவால்வருக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். சட்டத்துக்குச் சரி. அழகுக்கு? கௌபாய் பார்த்தால் சிரித்துச் சிரித்தே விழுந்துவிடுவார்.

நான்காவது வழிதான் பிஸ்லியில் பார்க்க அழகு. கருமருந்து ரிவால்வர். தோட்டாவே கிடையாது. மருந்து தனி, குண்டு தனி, எல்லாம் கையால் நிரப்ப வேண்டும். நிரப்பவே நேரம் பிடிக்கும் என்பதால் தடைக்குள் வரவில்லை. இதை லைசென்ஸோடு வீட்டிலும் வைக்கலாம், ரேஞ்சிலும் சுடலாம். மருந்து வைத்திருக்க மட்டும் போலீஸிடம் தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும்.

மேஜைமேல் ரிவால்வர் நிற்கிறது, வாய் மேல்பக்கம். பெரும்பாலும் இத்தாலியின் பிரெஷ்யா பக்கத்தில் செய்த நகல். 1851 கோல்ட் அல்லது 1858 ரெமிங்டன் மாடல். முதலில் சிலிண்டரின் ஓர் அறையில் அளந்த மருந்து. அதன்மேல் ஒரு சிட்டிகை... ரவை! ஆமாம், உப்புமா ரவையேதான். மருந்து கொஞ்சமாகவும் அறை பெரிதாகவும் இருப்பதால், இடைவெளியை நிரப்ப ரவை போடுகிறார்கள். தமிழில் துப்பாக்கிக் குண்டுக்கும் ரவை என்றுதான் பெயர் என்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதன்மேல் ஈயக் குண்டு. குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் குண்டு இறுக்கமாக உள்ளே போகும், விளிம்பில் மெல்லிய ஈய வளையம் சீவி விழும். கடைசியில் மேலே கொஞ்சம் கிரீஸ். ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவி, எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்துவிடாமல் இருக்க அது காவல். இப்படியே அடுத்தடுத்த அறைகள். பின்பக்கம் குட்டித் தொப்பி மாதிரி இருக்கும் செம்பு 'கேப்'களை மாட்ட வேண்டும். தீபாவளித் துப்பாக்கியில் வைக்கும் பொட்டு வெடியின் பெரியண்ணன் அது.

அப்புறம், ஒரே கை. இன்னொரு கை பாக்கெட்டில் அல்லது இடுப்பில். 25 மீட்டர் தூரத்தில் காகித இலக்கு.

சத்தம் 'டப்' இல்லை, 'தொம்'. வெள்ளைப் புகை எழுந்து இலக்கையே மறைத்துவிடும். காற்று அதை இழுத்துக்கொண்டு போகும்வரை காத்திருக்க வேண்டும். மூக்கில் ஏறுவது அப்படியே தீபாவளி விடியற்காலை வாசம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதானே. வெடியுப்பு, கந்தகம், கரி. சர்வதேச விதிப்படி 13 முறை சுட 30 நிமிடம்; அதில் சிறந்த 10 மட்டும் கணக்கு. அரை மணி நேரத்தில் 13 குண்டு! சினிமாவில் ஹீரோ அதை ஆறு விநாடியில் முடித்துவிடுவார். இங்கே வருபவர்களுக்கு அந்த மெதுவில்தான் சுகம். சுட்ட பிறகு அரை மணி நேரம் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு நாள் சோம்பேறித்தனப்பட்டாலும் மருந்தின் கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்றுவிடும். பாத்திரம் தேய்க்கும் வேலைக்குத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறோமோ என்று தோன்றும்.

பூட்டிய அறை

பூட்டிய அறையிலிருந்து வருபவை வேறு ரகம். அவற்றில் வெப்லி முக்கியமானது. பர்மிங்ஹாமில் செய்தது. 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1915-ல் வந்த ஆறாவது மாடல் முதல் உலகப்போரின் அகழிகளில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது. கட்டைவிரலால் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் துப்பாக்கியே நடுவில் மடங்கித் திறக்கும். காலித் தோட்டாக்கள் ஆறும் ஒரே நேரத்தில் எகிறி விழும். இந்த வடிவத்துக்கு நம் நாட்டிலும் வாரிசு உண்டு. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வர் வெப்லியின் வழிவந்ததுதான்.

வெப்லி-ஃபாஸ்பெரி என்று இன்னொன்று. சுட்ட அதிர்ச்சியில் மேல்பாதி முழுவதும் பின்னால் வழுக்கி, சிலிண்டரைத் தானே திருப்பி, அடுத்த குண்டுக்குத் தயாராகும் விநோத ரிவால்வர். சிலிண்டர்மேல் இடமும் வலமுமாக வளைந்து ஓடும் காடிகள், ஏதோ கோலம் போட்ட மாதிரி இருக்கும். இதைப் பீரோவில் பார்ப்பது ஒன்று. அது இயங்குவதைப் பார்ப்பது வேறு. சேகரிப்பாளர்கள் வாதாடுவதும் இதைத்தான். ஓடாத கடிகாரம் பாதிக் கடிகாரம்தானே என்பது அவர்கள் கட்சி.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக அறையின் பூட்டைத் திறந்துவிட முடியாது என்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றைக் கவனிக்கலாம்: சட்டம் இவர்களிடமிருந்து பறித்தது துப்பாக்கியை அல்ல, அதை இடுப்பில் சொருகிக்கொள்ளும், வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளும் வசதியை மட்டும்தான். சரித்திரமும் இயந்திரமும்தான் பிடிக்கும் என்று சொல்பவருக்கு அந்த இரண்டும் இன்றும் கிடைக்கின்றன. ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போட்டிக்காரர்கள் நிலைமைதான் பாவம். 2002 காமன்வெல்த் போட்டிகளின் துப்பாக்கிச் சுடுதல் பிஸ்லியில் நடந்தது. பிஸ்டல் போட்டிக்கு அரசு சிறப்பு அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இந்திய வீரர்கள் அங்கே பதக்கங்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளூர் பிஸ்டல் வீரர்களோ பயிற்சிக்கு வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள்.

பெரிய கவலை வேறு. இந்த வராந்தாக்களில் தலைகள் நரைத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவர் இறந்துவிட்டால் அவர் ரிவால்வரை மகனோ மகளோ அப்பாவின் ஞாபகமாக வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அவர்களுக்கே அதற்கான லைசென்ஸ் வேண்டும். இல்லையென்றால் வேறு சேகரிப்பாளரிடமோ அருங்காட்சியகத்திடமோ கொடுக்கலாம். அல்லது குழலை அடைத்து, இனி எப்போதும் சுட முடியாதபடி செய்து, சான்றிதழ் வாங்கி ஷோகேஸில் வைக்கலாம். நூறு வருடம் வேலை செய்த ஓர் இயந்திரத்தை அப்படிச் செய்வதற்குப் பல சேகரிப்பாளர்களுக்கு மனம் வருவதில்லை.

போக நினைப்பவர்களுக்கு

லண்டன் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் போதும். கருமருந்துப் புகையும் பழைய ரிவால்வர்களும்தான் பார்க்க வேண்டும் என்றால், பழங்கால ஆயுதங்களுக்கென்றே அக்டோபரில் 'ட்ரஃபால்கர்' என்ற போட்டி நடக்கிறது. பெரிய விழா பார்க்க வேண்டும் என்றால் ஜூலை. சிவப்புக் கொடி பறக்கும் பக்கம் தவறியும் போகக் கூடாது. காதுக்குச் சத்தத்தைத் தடுக்கும் அடைப்பானாவது வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்குக் காதை முழுசாக மூடும் கருவியே வேண்டும்.

மாலை ஐந்து மணி. ரேஞ்சில் சத்தம் அடங்குகிறது. சிலிண்டரைத் திறந்து, ஒவ்வொரு துளை வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடமும் காட்டுகிறார்கள். துணியால் ஒரு முறை, எண்ணெய் தொட்டு இன்னொரு முறை துடைக்கிறார்கள். பெட்டிக்குள் வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். கதவு பூட்டப்படுகிறது.

புரூக்வுட் நிலையத்தில் லண்டன் ரயிலுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம். ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருக்கும் டீயை ஊற்றிக்கொள்ளும் விரல்களில் கரி ஒட்டியிருக்கிறது. அடுத்து எந்த ஞாயிறு வரலாம் என்று ஒருவர் போனில் காலண்டரைத் திறந்து பார்க்கிறார்.